பழைய மருந்துக்குக் காப்புரிமை உண்டா? பதிவேட்டைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மருந்துக் கடை மேசையிலும் மருத்துவமனைக் கொள்முதல் கூட்டங்களிலும் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது: "அதுக்கு பேட்டன்ட் இருக்குங்க, அதான் இந்த விலை." அதற்கு நேர் எதிரான பேச்சும் அதே அளவு புழங்குகிறது: "அது பழைய மருந்து சார், பேட்டன்ட் எல்லாம் எப்பவோ முடிஞ்சிருச்சு." இரண்டையும் சொல்பவர்களில் பதிவேட்டைத் திறந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. பார்ப்பதற்குக் காசு வேண்டாம், வக்கீலும் வேண்டாம். இணைய இணைப்பும் அரை நாள் பொறுமையும் போதும். ஆனால் எந்தப் பெயரில் தேடுவது, எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்று தெரியாமல் இறங்கினால் தவறான விடையோடுதான் திரும்புவோம். "உண்டு" என்று தவறாக நம்பினால் பல நிறுவனங்களிடம் மலிவாக வாங்கக்கூடிய மருந்தை ஒரே நிறுவனத்திடம் அது சொன்ன விலைக்கு வாங்குவோம். "இல்லை" என்று தவறாக நம்பினால் ஒப்பந்தம் எடுத்த சிறு உற்பத்தியாளர் தடையாணை வாங்கிக்கொண்டு நடுவழியில் நிற்பார், நோயாளி மாத்திரை இல்லாமல் நிற்பார். தங்கள் வாசகர்களில் மருந்தாளுநர்களும் கொள்முதல் அலுவலர்களும் நீண்டகால நோயாளிகளும் நிறையப் பேர் இருப்பதால், தேடும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய மருந்து என்றால் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான். அந்த மூலக்கூறு, அதாவது மருந்தில் வேலை செய்யும் வேதிப்பொருள், 1995 ஜனவரி 1க்கு முன்பே உலகில் எங்காவது அச்சில் வெளியாகிவிட்டதா? 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, மருந்து என்ற பொருளுக்குக் காப்புரிமை கிடையாது என்று ஆனது. தயாரிக்கும் முறைக்கு மட்டும் உண்டு. அதுவும் வழங்கிய நாளிலிருந்து 5 ஆண்டு அல்லது விண்ணப்பித்த நாளிலிருந்து 7 ஆண்டு, இரண்டில் எது குறைவோ அது. உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததால் 1995 ஜனவரி 1 முதல் மருந்துப் பொருளுக்கான விண்ணப்பங்களை வாங்கி அஞ்சல் பெட்டியில் போட்டதுபோல் பிரிக்காமல் வைத்திருந்தார்கள். 2005 ஜனவரி 1க்குப் பிறகே அவற்றைப் பிரித்துப் பரிசீலித்தார்கள். புதுமை இல்லாத ஒன்றுக்குக் காப்புரிமை தர முடியாது. ஆகவே 1995க்கு முன்பே காப்புரிமை ஆவணமாகவோ ஆய்வுக் கட்டுரையாகவோ வெளியான மூலக்கூறுக்கு இந்தியாவில் பொருள் காப்புரிமை இருக்க வழியே இல்லை. மெட்ஃபார்மின், அம்லோடிபின், லோசார்ட்டன், ஒமிப்ரசோல், அட்டோர்வாஸ்டாட்டின் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். இந்தப் பெயர்களைச் சொல்லி யாராவது "மூலக்கூறுக்கே பேட்டன்ட் இருக்கு" என்றால், காப்புரிமை எண்ணைக் கேளுங்கள். அங்கேயே பேச்சு நின்றுவிடும்.

ஆனால் மூலக்கூறுக்குக் காப்புரிமை இல்லை என்பதோடு வேலை முடிவதில்லை. அதே மூலக்கூறின் உப்பு, படிக வடிவம், மெல்லக் கரையும் மாத்திரை, இரண்டு மருந்து சேர்ந்த கலவை, உறிஞ்சும் கருவி என்று ஒவ்வொன்றுக்கும் பின்னாளில் தனித்தனி விண்ணப்பங்கள் போட்டிருப்பார்கள். நம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்திலேயே நடந்த ஒரு வழக்கை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகப் புரியும்.

இமாட்டினிப், ரத்தப் புற்றுநோயில் ஒருவகைக்குக் கொடுக்கும் மருந்து. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் கிளிவெக். அதன் மூலக்கூறு 1993லேயே ஐரோப்பியக் காப்புரிமை விண்ணப்பமாக வெளியாகிவிட்டது. ஆகவே இந்தியாவில் மூலக்கூறுக்கு வாய்ப்பில்லை. 1998 ஜூலை 17 அன்று அதன் மெசிலேட் உப்பின் பீட்டா படிக வடிவத்துக்குச் சென்னையில் விண்ணப்பம் போட்டார்கள். எண் 1602/எம்ஏஎஸ்/1998. 2003 நவம்பரில் இந்த விண்ணப்பத்தின் பேரில், காப்புரிமை முடிவாகும் வரை தான் மட்டும் விற்பதற்கான தனி விற்பனை உரிமையும் கிடைத்தது. அந்தக் காலத்தில் நிறுவனத்தின் மருந்து மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்கள் செய்த அதே மருந்து, அதாவது ஜெனரிக், மாதம் 8,000 முதல் 10,000 ரூபாய். 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. தெரிந்த பொருளின் புதிய வடிவத்துக்கு, நோய் தீர்க்கும் திறன் கூடியதாகக் காட்டினால் ஒழியக் காப்புரிமை இல்லை என்கிற 3(டி) பிரிவு முக்கியக் காரணங்களில் ஒன்று. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று நிராகரிப்பை உறுதி செய்தது. அமெரிக்காவில் இதே படிக வடிவத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. மூலக்கூறுக்கான அமெரிக்கக் காப்புரிமை 2015 ஜூலையில் முடிந்தும், முதல் ஜெனரிக் அங்கே கடைக்கு வந்தது 2016 பிப்ரவரியில்தான்.

இப்போது இந்த மருந்தைத் தேடிப் பாருங்கள். மத்திய அரசின் காப்புரிமைத் துறை இணையதளத்தில் இன்பாஸ் என்ற தேடல் பக்கம் இருக்கிறது, எல்லாருக்கும் இலவசம். அதில் தலைப்பு என்ற கட்டத்தில் "இமாட்டினிப்" என்று ஆங்கில எழுத்தில் அடித்துப் பார்த்தால் இந்த விண்ணப்பம் சிக்காது. ஏன் என்றால் அதன் தலைப்பில் அந்தப் பெயரே இல்லை. "ஒரு என்-ஃபீனைல்-2-பிரிமிடினமின் வழிப்பொருளின் படிக மாற்றம், தயாரிப்பு முறைகள், பயன்" என்ற பொருளில்தான் தலைப்பு. காப்புரிமை விண்ணப்பம் போடும்போது பெரும்பாலும் மருந்துக்குப் பொதுப்பெயரே சூட்டியிருக்க மாட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் பொதுப்பெயரைத் தருவது அதற்குப் பல காலம் கழித்து. பொதுப்பெயரில் தேடி, "ஒன்றும் வரவில்லை, அப்படியானால் காப்புரிமை இல்லை" என்று எழுதிக் கொடுப்பதுதான் நான் காணும் தவறுகளில் மிகச் சாதாரணமானது, மிக ஆபத்தானதும் அதுவே.

ஆகவே தேடலை அட்டையில் தொடங்க வேண்டும். மாத்திரை அட்டையின் பின்புறம், பெரிய எழுத்தில் உள்ள பிராண்டுப் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். "இமாட்டினிப் 400 மி.கி.க்கு ஈடான இமாட்டினிப் மெசிலேட்" என்று இருக்கும். 400 மில்லிகிராம் இமாட்டினிப்புக்கு 478 மில்லிகிராம் மெசிலேட் உப்பு தேவை. அந்த "ஈடான" என்ற சொல்தான் உப்பு வேறு, மூலக்கூறு வேறு என்று காட்டிக் கொடுக்கிறது. இரண்டு பெயரையும், மில்லிகிராமையும், மாத்திரையா மெல்லக் கரையும் மாத்திரையா ஊசியா என்பதையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் விடை தேடுவது அந்த வடிவத்துக்கு மட்டும்தான்.

அடுத்தது, காப்புரிமை எண்ணைக் கண்டுபிடிப்பது. முதலில் மெட்ஸ்பால் என்ற தரவுத்தளத்தைப் பாருங்கள். ஜெனீவாவில் உள்ள மருந்துக் காப்புரிமைக் கூட்டிணைவு 2016 முதல் நடத்துவது. எச்ஐவி, காசநோய், கல்லீரல் அழற்சி சி மருந்துகளோடு வேறு பல அத்தியாவசிய மருந்துகளும் அதில் உண்டு. இங்கே பொதுப்பெயரிலேயே தேடலாம், நாட்டு வரிசையில் இந்தியாவைத் தனியாகப் பார்க்கலாம். உங்கள் மருந்து அதில் இருந்தால் பாதி வேலை மிச்சம். இல்லையென்றால் அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆரஞ்சுப் புத்தகம். செயல்படு பொருளின் பெயரை இட்டால், அந்த மருந்துக்கு நிறுவனம் பதிவு செய்த அமெரிக்கக் காப்புரிமை எண்கள் வரும். ஒவ்வொன்றும் மருந்துப் பொருளுக்கா, தயாரித்த மாத்திரைக்கா, ஒரு குறிப்பிட்ட பயன்பாட்டுக்கா என்று தனிக் குறியோடு இருக்கும்.

இங்கே பழைய மருந்து தேடுபவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. காலம் முடிந்த காப்புரிமையை ஆரஞ்சுப் புத்தகம் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். பக்கம் காலியாக இருந்தால் அமெரிக்காவில் இப்போது எதுவும் பட்டியலில் இல்லை என்றுதான் பொருள். எப்போதுமே இருந்ததில்லை என்று பொருளில்லை, இந்தியாவைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. பழைய எண் வேண்டுமென்றால் அந்தப் புத்தகத்தின் பழைய ஆண்டுப் பதிப்புகளையோ, மருந்து பற்றிய நீதிமன்றத் தீர்ப்புகளையோதான் புரட்ட வேண்டும். தீர்ப்புகள் நல்ல சுரங்கம். காப்புரிமை எண், தாக்கல் தேதி, முடியும் தேதி மூன்றும் முதல் சில பத்திகளிலேயே கிடைத்துவிடும்.

அமெரிக்க எண் கையில் வந்ததும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட்டில் அதை இட்டு, குடும்பம் என்ற பகுதியைத் திறங்கள். ஒரே கண்டுபிடிப்புக்கு எந்தெந்த நாட்டில் விண்ணப்பித்தார்கள் என்று வரிசையாக வரும். ஒரே விண்ணப்பத்தை வைத்துப் பல நாடுகளில் காப்புரிமை கோரும் சர்வதேச வழி ஒன்று உண்டு; டபிள்யூஓ என்று தொடங்கும் அந்தச் சர்வதேச எண்தான் உங்களுக்கு வேண்டியது. இந்தியா அந்தப் பட்டியலில் தெரியவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள். பழைய இந்திய விண்ணப்பங்களில் பல அந்தத் தரவுத்தளத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. சர்வதேச எண்ணை எடுத்துக்கொண்டு இன்பாஸுக்கு வாருங்கள். சர்வதேச விண்ணப்ப எண்ணுக்கும் சர்வதேச வெளியீட்டு எண்ணுக்கும் அங்கே தனிக் கட்டங்கள் உண்டு. வெளியிடப்பட்டவை, வழங்கப்பட்டவை இரண்டுக்கும் நேரே குறி இருக்கட்டும். ஒன்றை விட்டால் பாதிப் பட்டியல்தான் வரும்.

எண்ணில் சிக்கவில்லை என்றால் விண்ணப்பதாரர் பெயர். இங்கேயும் அன்றைய பெயர் முக்கியம். சர்க்கரை மருந்தான டாபாகிளிஃப்ளோசினை நாம் அஸ்ட்ராஜெனிகா என்று அறிவோம். கண்டுபிடித்து விண்ணப்பித்தது பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்க்விப். நிறுவனங்கள் கைமாறினாலும் பழைய ஆவணத்தில் பழைய பெயர்தான் இருக்கும். கண்டுபிடித்தவரின் பெயரிலும், வேதிப்பெயரின் ஒரு துண்டோடு நட்சத்திரக் குறி சேர்த்தும் தேடுங்கள். விவரக்குறிப்பு (விண்ணப்பத்தோடு தரும் முழு விளக்கம்) முழுவதிலும் சொல் தேடும் வசதி இருந்தாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம். பழைய விவரக்குறிப்புகளில் பல, தாளை அப்படியே படம் பிடித்தவை; எழுத்துகள் சரியாகப் பிடிபட்டிருக்காது.

கிடைக்கும் விண்ணப்ப எண்ணே ஒரு சேதி சொல்லும். எம்ஏஎஸ் என்றால் பழைய மதராஸ் அலுவலகம். சிஎச்ஈஎன்பி என்றால் சர்வதேச வழியில் சென்னைக்கு வந்தது. 2016 முதல் பன்னிரண்டு இலக்கம்: முதல் நான்கு ஆண்டு, ஐந்தாவது அலுவலகம் (1 டெல்லி, 2 மும்பை, 3 கொல்கத்தா, 4 சென்னை), ஆறாவது விண்ணப்ப வகை. ஆறாவது இலக்கம் 7 என்றால் அது சர்வதேச விண்ணப்பத்தின் இந்தியக் கட்டம். இந்த வகையில்தான் தேதிக் கணக்கு தப்பாகிறது.

இந்தியாவில் காப்புரிமையின் ஆயுள் 20 ஆண்டு. எந்த நாளிலிருந்து? வழங்கிய நாளிலிருந்து அல்ல. இந்தியாவுக்குள் வந்த நாளிலிருந்தும் அல்ல. சர்வதேச வழியில் வந்த விண்ணப்பத்துக்கு, சர்வதேசத் தாக்கல் நாளிலிருந்து. முதல் முன்னுரிமை நாளிலிருந்து, அதாவது அந்தக் கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த நாளிலிருந்து, 31 மாதம் வரை அவகாசம் எடுத்துக்கொண்டு இந்தியாவுக்குள் நுழையலாம் என்பதால், நுழைந்த நாளை வைத்து எண்ணினால் ஒன்றரை ஆண்டுக்கு மேல்கூடப் பிசகும். வழங்கிய நாளை வைத்து எண்ணினால் பிசகு இன்னும் பெரிது. இன்னொரு சர்க்கரை மருந்தான சிட்டாகிளிப்டினை எடுத்துக்கொள்ளுங்கள். காப்புரிமை எண் 209816. வழங்கியது 2007ல், அதிலிருந்து எண்ணினால் 2027 வரும். சர்வதேசத் தாக்கல் 2002 ஜூலை 5. ஆகவே 2022 ஜூலை 5 அன்றே முடிந்துவிட்டது. அந்தச் செப்டம்பரிலேயே மக்கள் மருந்தகங்களில் 50 மி.கி. பத்து மாத்திரை 60 ரூபாய்க்கும் 100 மி.கி. பத்து மாத்திரை 100 ரூபாய்க்கும் வந்துவிட்டது. 2027 என்று தப்பாக எண்ணிய கொள்முதல் குழு ஐந்து ஆண்டு கூடுதல் விலை கொடுக்கும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ளதுபோல் ஆயுளை நீட்டிக் கொடுக்கும் ஏற்பாடு இந்தியச் சட்டத்தில் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. டாபாகிளிஃப்ளோசின் மூலக்கூறுக்கான காப்புரிமை இந்தியாவில் 2023 மே மாதத்திலும் அமெரிக்காவில் நீட்டிப்போடு 2025 அக்டோபரிலும் முடிந்தது அதனால்தான். அமெரிக்கத் தேதியை இந்தியாவுக்குப் போட்டுப் பார்ப்பது, அடுத்த ஊர் பேருந்து நேரத்தை நம் ஊருக்குப் பார்ப்பது போல.

விண்ணப்பத்தைத் திறந்ததும் கீழே நிலை, ஆவணங்கள், மின்பதிவேடு என்று மூன்று பொத்தான்கள் இருக்கும். வழங்கப்பட்ட காப்புரிமைக்கு மின்பதிவேடுதான் கடைசி வார்த்தை. அமலில் உள்ளதா, நின்றுவிட்டதா என்று மேலே எழுதியிருக்கும். அதோடு திருப்திப்படாமல், கீழே உள்ள ஆண்டுக் கட்டண அட்டவணைக்கு இறங்கி வாருங்கள். மூன்றாம் ஆண்டு முதல் இருபதாம் ஆண்டு வரை ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு வரி; எந்த நாளில் கட்ட வேண்டும், எந்த நாளில் கட்டினார்கள். பன்னிரண்டாம் ஆண்டு வரை தேதிகள் இருந்து பிறகு வெறுமையாக இருந்தால் நிறுவனம் கட்டணம் கட்டுவதை நிறுத்திவிட்டது என்று பொருள். பழைய மருந்துகளில் இது அடிக்கடி காணக்கூடியது. விற்பனை குறைந்த மருந்துக்கு யாரும் கட்டணம் கட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். இருபது ஆண்டு ஆகும் முன்பே அந்தக் காப்புரிமை செத்துப்போயிருக்கும், வெளியில் யாருக்கும் தெரியாது. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. தவணை தவறினால் கூடுதல் கட்டணத்தோடு கட்ட ஆறு மாத அவகாசம் உண்டு; நின்றுபோன நாளிலிருந்து 18 மாதத்துக்குள் மீட்டுத்தரக் கோரவும் சட்டம் இடம் தருகிறது. ஆகவே சமீபத்தில் நின்ற காப்புரிமையை நம்பி இயந்திரம் வாங்கிவிடக் கூடாது. அந்த 18 மாதம் தாண்டியதா, மீட்பு மனு ஏதும் கிடப்பில் உள்ளதா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

வழங்கப்படாத விண்ணப்பங்களில் நிராகரிக்கப்பட்டது, கைவிடப்பட்டதாகக் கருதப்படுவது, பரிசீலனையில் உள்ளது என்று நிலை வரும். நிராகரித்த விண்ணப்பத்தின் மீது மேல்முறையீடு இருக்கலாம். அதிலிருந்து பிரிந்த கிளை விண்ணப்பம் தனி எண்ணில் உயிரோடு இருக்கலாம். ஆவணங்கள் பொத்தானில் பார்த்தால் காப்புரிமை வழங்கும் முன் மற்றவர்கள் கொடுத்த எதிர்ப்பு மனுக்கள், பரிசோதகர் எழுப்பிய ஆட்சேபங்கள், நிறுவனம் கொடுத்த பதில் எல்லாம் இருக்கும். அந்தப் பதிலைப் படிப்பது மிகப் பயனுள்ளது. புதுமையை நிலைநாட்டுவதற்காக நிறுவனமே "முந்தைய ஆவணம் இந்தப் பொருளைச் சொல்லவில்லை" என்றோ "எங்கள் கோரிக்கை இந்த வடிவத்துக்கு மட்டுமே" என்றோ எழுதியிருக்கும். பின்னால் வேறு பேச முடியாது.

விவரக்குறிப்பு நூறு பக்கம் இருந்தாலும் நீங்கள் படிக்க வேண்டியது கடைசியில் உள்ள உரிமைக் கோரிக்கைகளை. அதிலும் முதல் கோரிக்கையை. "இந்த வாய்பாடு கொண்ட சேர்மம்" என்று தொடங்கினால் மூலக்கூறுக்கே. "படிக வடிவம்" என்றால் அந்த வடிவத்துக்கு. வேறு வடிவில் செய்பவரை அது பிடிக்காது. "தயாரிக்கும் முறை" என்றால் வேறு வழியில் செய்பவரைப் பிடிக்காது. நோய்க்குச் சிகிச்சை செய்யும் முறைக்கு இந்தியாவில் காப்புரிமை கிடையாது, தெரிந்த மருந்தின் புதுப் பயனுக்கும் கிடையாது. ஆகவே ஆரஞ்சுப் புத்தகத்தில் பயன்பாட்டுக் குறியோடு மட்டும் நிற்கும் காப்புரிமைகளுக்கு இங்கே இணை இருக்காது.

ஒரு மருந்துக்கு ஒரே ஒரு காப்புரிமைதான் என்று நினைப்பது அடுத்த பெரிய தவறு. டாபாகிளிஃப்ளோசினுக்கு இந்தியாவில் இரண்டு இருந்தன. 205147, விரிவான ஒரு சேர்மக் கூட்டத்துக்கு. 2020 அக்டோபர் 2ல் முடிந்தது. 235625, அந்த ஒரு மூலக்கூறுக்கு. 2023 மே 15ல் முடிந்தது. முதலாவது முடிந்ததும் பல இந்திய நிறுவனங்கள் சந்தைக்கு வந்தன, வழக்குகள் பாய்ந்தன. ஒரே மருந்துக்கு இரண்டு காப்புரிமையும் மீறப்பட்டதாகச் சொன்னால், முதலாவதிலேயே அந்த மருந்து அடங்கிவிட்டது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற வாதத்தை ஏற்று டெல்லி உயர் நீதிமன்றம் 2020 நவம்பரிலும், இரு நீதிபதி அமர்வு 2021 ஜூலையிலும் இடைக்காலத் தடை தர மறுத்தன. பதிவேடு "அமலில்" என்று காட்டினாலும் அது நீதிமன்றத்தில் நிற்குமா என்பது வேறு கேள்வி. அந்தக் கட்டத்தில் காப்புரிமை முகவரின் எழுத்துமூலக் கருத்து வாங்குவதே முறை. ஆனால் எந்த எண்ணைப் பற்றிக் கருத்து வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் செலவும் நேரமும் பாதியாகும்.

எது சான்று ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி உரிமம் கொடுத்துவிட்டார் என்பது காப்புரிமை இல்லை என்பதற்குச் சான்று அல்ல. இந்தியாவில் இரண்டும் தனித்தனி வழி. காப்புரிமையைக் காரணம் காட்டி உரிமத்தை நிறுத்த முடியாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2009லேயே சொல்லிவிட்டது. காப்புரிமைக் காலத்திலேயே அனுமதிக்கான மாதிரிகளைத் தயாரிக்கவும் 107ஏ பிரிவு இடம் கொடுக்கிறது. பிராண்டுப் பெயருக்கு மேல் வட்டத்துக்குள் உள்ள ஆர் எழுத்து வணிகச் சின்னத்தைக் குறிக்கும்; அதைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம், மருந்தின் காப்புரிமைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கூகுள் பேட்டன்ட்ஸ் காட்டும் முடிவுத் தேதி ஒரு அனுமானம். அந்தப் பக்கமே அப்படித்தான் சொல்கிறது. விற்பனைப் பிரதிநிதியின் வாய்மொழியைப் பற்றி: காப்புரிமை இல்லாத பொருளை இந்தியாவில் காப்புரிமை பெற்றது என்று பொய்யாகச் சொல்லி விற்பது 120ஆம் பிரிவின்படி தண்டத்துக்குரியது, இப்போதைய திருத்தப்படி பத்து லட்சம் ரூபாய் வரை. "எண்ணை எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்கக் கொள்முதல் அலுவலருக்கு முழு உரிமை உண்டு.

காப்புரிமை இல்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகும் விலை இறங்காமல் இருப்பது உண்டு. அதற்குக் காரணம் வேறிடத்தில் இருக்கும். கீல்வாதத்துக்குக் கொடுக்கும் கோல்சிசின் நூற்றாண்டுகளாகத் தெரிந்த மருந்து. அமெரிக்காவில் ஒரு மாத்திரை ஒன்பது சென்ட் அளவில் விற்றுக்கொண்டிருந்தது. 2009ல் ஒரு நிறுவனம் புதிய ஆய்வு கொடுத்து அனுமதி வாங்கியதும், அந்நாட்டுச் சட்டப்படி கீல்வாதத்துக்கு மூன்று ஆண்டு, ஓர் அரிய காய்ச்சல் நோய்க்கு ஏழு ஆண்டு தனியுரிமை, அதாவது மற்றவர்களுக்கு அனுமதி கிடைக்காத காலம், கிடைத்தது. அனுமதியில்லாத மற்ற கோல்சிசின் மாத்திரைகளை நிர்வாகம் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. மாத்திரை விலை ஐந்து டாலரை ஒட்டிப் போனது. ஒட்டுண்ணித் தொற்றுக்குக் கொடுக்கும் பழைய மருந்தான பைரிமெத்தமினுக்குக் காப்புரிமை என்று ஒன்றும் மிச்சமில்லை. அங்கே 2015ல் ஒரு மாத்திரை 13.50 டாலரிலிருந்து 750 டாலருக்கு ஏறியது, போட்டிக்கு வேறு உற்பத்தியாளர் இல்லாததால். இந்தியாவில் ஆய்வுத் தரவு கொடுத்ததற்காக அப்படித் தனியுரிமை தருவதில்லை. இங்கே விலை இறங்காததற்குப் பிராண்டும், மருத்துவர் எழுதும் பழக்கமும், மூலப்பொருள் செய்பவர்கள் குறைவாக இருப்பதும்தான் பெரும்பாலும் காரணம். விலைக் கட்டுப்பாட்டு ஆணையில் 2023ல் செய்த திருத்தப்படி, பட்டியலில் உள்ள மருந்தின் காப்புரிமை முடிந்ததும் உச்ச விலையைப் பாதியாகக் குறைத்து, ஓராண்டு கழித்துச் சந்தை விலையை வைத்து மறுபடி நிர்ணயிக்க வேண்டும். அது நடந்ததா என்று தேசிய மருந்து விலை ஆணையத்தின் ஃபார்மா சஹி தாம் செயலியில் மருந்தின் பெயரை இட்டுப் பார்க்கலாம். காப்புரிமை முடிந்த தேதி உங்களுக்குத் தெரிந்தால்தான் அந்தக் கேள்வியையே கேட்க முடியும்.

வெளிநாட்டில் வாழும் நம்மவர்கள் மேலே சொன்ன இந்தியத் தேதிகளை அங்கே பயன்படுத்த வேண்டாம். காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி. கனடாவில் ஹெல்த் கனடாவின் காப்புரிமைப் பதிவேட்டில் மருந்தின் பெயரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் கடைசி வசதிதான் நமக்கு இல்லாதது. வேதியியல் படித்தவருக்கே அரை நாள் எடுக்கும் தேடலை, மாவட்ட மருத்துவமனை மருந்தாளுநர் தினமும் செய்ய முடியாது. ஒரு சிறு மாற்றம் போதும். ஒவ்வொரு காப்புரிமைதாரரும் தன் காப்புரிமை இந்தியாவில் எப்படிப் பயன்படுகிறது என்று படிவம் 27ல் அறிக்கை தர வேண்டும். 2024 திருத்தத்துக்குப் பிறகு மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை தந்தால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். அந்தப் படிவத்தில் மருந்தின் பொதுப்பெயருக்கு ஒரு கட்டத்தைக் கட்டாயமாகச் சேர்த்து, இன்பாஸில் அந்தப் பெயரால் தேடும் வசதியைக் கொடுக்கலாம். எந்தக் காப்புரிமை எந்த மருந்துக்கு என்று நிறுவனங்களுக்குத் தெரியாததல்ல. அமெரிக்காவில் ஆரஞ்சுப் புத்தகத்துக்கு அவர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். இங்கேயும் எழுதிக் கொடுக்கட்டும். தமிழ்நாட்டு மருத்துவப் பணிகள் கழகம் போன்ற கொள்முதல் அமைப்புகள், ஒரே நிறுவனத்திடம் மட்டும் வாங்கும் ஒவ்வொரு மருந்துக்கு நேரேயும் காப்புரிமை எண்ணையும் முடியும் தேதியையும் தங்கள் பட்டியலில் அச்சிடலாம்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு கோரிக்கை. "காப்புரிமை முடிந்த மருந்து", "காப்புரிமை பெற்ற மருந்து" என்று செய்தி வரும்போது, அந்த எண்ணையும் சர்வதேசத் தாக்கல் தேதியையும் ஒரே ஒரு வரியில் சேர்த்து வெளியிடுங்கள். வாசிப்பவர் அதை இன்பாஸில் இட்டுச் சரிபார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
மருந்துக் காப்புரிமைத் தேடல் பணியில் உள்ள வாசகர்,
கிண்டி, சென்னை